காரம் போகக் கழுவும் நேரம்

அன்றைக்கு மிளகாய் வத்தல் கிட்டங்கியின் முற்றத்தில் இருந்தவர்கள்: முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, நயினார்கோவில் பக்கத்திலிருந்து தான் விளைவித்த வத்தலை வண்டிகளில் கொண்டுவந்திருந்த ஒரு சம்சாரி, காம்பு கிள்ளும் பெண்கள் ஒன்பது பேர் (அதில் நானும் ஒருத்தி), என் நாத்தனார், அவள் இடுப்பில் என் பெண் குழந்தை. அவ்வளவுதான். வேறு ஓர் ஈ காக்கை கிடையாது.

இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம் உண்டு. பரமக்குடியில் இந்தக் கதையைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்கிறார்கள். நான் முதலாளி கண்ணில் வத்தல் தூளை அள்ளி வீசினேன் என்கிறார்கள். போலீஸ் வந்தது என்கிறார்கள். தூள் வீசவில்லை, போலீசும் வரவில்லை. நான் செய்தது ஒன்றுதான். உட்கார்ந்தேன்.

வீசுகிற சாதியும் நான் இல்லை. பயந்த பிறவி. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி அய்யா என்னைக் களையெடுப்புக்கு அனுப்பிய காலத்திலேயே, வரப்பில் நடக்கும்போது வீட்டுக் கதவைச் சாத்தினோமா என்று நினைத்துக்கொண்டே நடப்பேன். கல்யாணமாகிப் பரமக்குடிக்கு வந்து கிட்டங்கி வேலைக்குச் சேர்ந்த பிறகு, அந்தப் பயமெல்லாம் ஒரே இடத்தில் குவிந்துகொண்டது. மணி. வாசல் உத்தரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காலையில் அதை அடித்தால் உட்கார வேண்டும். மத்தியானம் முதல் மணிக்குக் கஞ்சிக்கு எழுந்திருக்கலாம், ரெண்டாம் மணிக்குள் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும். பிந்தினால் அரைநாள் கூலி வெட்டு. தெருக்கோடியில் ஒரு கொல்லன் பட்டறை. அவன் இரும்பைத் தட்டும்போதெல்லாம் மணியோ என்று நான் பாதி எழுந்துவிடுவேன்.

வேலை என்னவென்றால், குண்டு வத்தலில் காம்பைக் கிள்ளி எடுப்பது. அந்த வருஷம் கொழும்புக்கு ஏற்றுகிற வியாபாரி ஒருவர் காம்பில்லாத வத்தல்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு குவியலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கிள்ள வேண்டும். முதல் வாரம் தும்மல். ரெண்டாவது வாரம் கண். அதற்குப் பிறகு தும்மலும் வராது, கண்ணும் எரியாது, எல்லாம் கைக்குள் இறங்கிவிடும். நகக்கண்ணில், விரல் இடுக்கில், ரேகைக்குள். வெறும் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் கூடுமே தவிரப் போகாது. முதலில் எண்ணெய் தேய்க்க வேண்டும். பிறகு தவிட்டைப் போட்டு உருட்ட வேண்டும். அதற்கப்புறம் புளித்த நீராகாரத்தில் கையை ஊற வைக்க வேண்டும். கடைசியில் ஒரு விரலை நான் என் கண் இமையில் வைத்துப் பார்ப்பேன். எரியாவிட்டால்தான் பிள்ளையைத் தொடலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே? முதல் மணி அடித்ததும் கழுவத் தொடங்கினால், கழுவி முடிக்கவே பாதி இடைவேளை போய்விடும். மீதிப் பாதியில் வீட்டுக்கு ஓடி, பால் கொடுத்து, திரும்ப ஓடி வரவேண்டும். வீடு பக்கம்தான். ஆனாலும் ஓட்டம்.

ஒருநாள் அந்த ஓட்டத்தில் இமையில் வைத்துப் பார்க்காமல் பிள்ளையை எடுத்துவிட்டேன். ரவிக்கையை விலக்கின அதே கை. பிள்ளை வாயை வைத்தாள், எடுத்தாள், அப்புறம் அழுத அழுகை அந்தத் தெருவே கேட்டது. உதடு சிவந்து தடித்துவிட்டது. என் நாத்தனார் வெண்ணெய் தடவித் தடவித் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் ரெண்டாம் மணிக்குத் திரும்பிவிட்டேன். திரும்பினேன், அதுதான் கொடுமை.

அதற்குப் பிறகு பிள்ளை என்னிடம் வருவாள், மார்பில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள், தலையைத் திருப்பிக்கொள்வாள். ஆட்டுப்பால் கொடுத்தோம், வயிற்றுக்குச் சேரவில்லை. கன்னம் ஒட்டத் தொடங்கியது. எனக்குப் பால் கட்டிக்கொண்டு ஜுரம். பால் வற்றிவிட்டால் இவள் பிழைக்க மாட்டாள் என்ற ஒரே நினைப்புதான், கிள்ளும்போதும், நடக்கும்போதும், தூங்கும்போதும்.

நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று வெயிலைப் பார்த்துத் தெரிந்ததும், வலது கையை எண்ணெய் தேய்த்துத் துடைத்து ஒரு துணிக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். இடது கையால் மட்டும் கிள்ளுவேன். கிள்ளின குவியல் ஏறாது. ஏறாவிட்டால் தெரிந்துவிடும் என்று பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி கிள்ளினதை என் பக்கம் தள்ளுவார்கள். அதில் ஒருத்தி மாரியூர்க்காரி. கடற்கரைப் பெண், குரல் கொஞ்சம் பெரிசு.

"ஏத்தா, எதுக்கு இப்படி ஒளிச்சு ஒளிச்சுச் செய்ற? என்ன களவாடுறியா?" என்றாள் ஒருநாள்.

"பாத்துட்டா வெட்டிருவாகக்கா."

"எங்க ஊர்ல கரைக்கு வந்ததும் வலைய ஒதறிக் காயப் போட்டுட்டுத்தான் பங்கு பிரிப்பாக. மீனப் பிடிச்சாச்சு, ஒதர்றது ஒன் சொந்த வேலன்னு எவனாச்சும் சொன்னா, வலையோட சேத்து அவனயும் ஒதறிப்புடுவாக. இங்கனதான் இந்தக் கூத்து."

அவள் சொன்னது எனக்குள் முள் மாதிரி நின்றுகொண்டது. ஆனால் கணக்குப்பிள்ளைக்குக் கழுகுக் கண். ரெண்டு நாளில் பார்த்துவிட்டார். "ஒத்தக் கையிக்கு ஒத்தக் கூலிதான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததோடு நிற்கவில்லை, வெட்டினார்.

அந்த நாளுக்கு வருகிறேன். சாயங்காலம் கொழும்புக் கப்பலுக்காகத் தனுஷ்கோடிக்குப் போகிற கூட்ஸில் சரக்கு ஏற வேண்டும். காலையில் வந்து இறங்கிய நயினார்கோவில் வத்தல் முழுவதும் கிள்ளி முடிந்தாக வேண்டும். முதலாளி மடியிலிருந்து கடிகாரத்தை எடுப்பதும் பார்ப்பதும் திரும்ப மடியில் சொருகுவதுமாக இருந்தார். அவருக்கும் படபடப்புத்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவருடைய படபடப்புக்கு எங்கள் இடைவேளையை எடுத்துக்கொண்டார், அதைத்தான் சொல்கிறேன். "சரக்கு முடிஞ்சாத்தான் இன்னைக்கு மணி" என்று சொல்லிவிட்டார்.

உச்சி சாய்ந்தது. மணி அடிக்கவில்லை. என் ரவிக்கை நனைந்து சேலையில் ஊறத் தொடங்கியது. அப்போதுதான் வாசலில் பிள்ளை அழுகிற சத்தம். நாத்தனார் நின்றாள். "ஆட்டுப்பாலக் கக்கிட்டா. இனிமே என்னால ஏலாது" என்றாள்.

நான் எழுந்தேன்.

"என்ன புள்ள, மணி அடிச்சுச்சா?" என்றார் முதலாளி.

"இல்ல மொதலாளி."

"பெறகு எதுக்கு எந்திரிச்ச?"

"கையக் கழுவிட்டுப் பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்துர்றேன்."

"குடு, வேண்டாங்கல. மணி அடிச்ச பெறகு குடு. கை கழுவுறதும் பால் குடுக்குறதும் ஒன் சொந்த வேல. எஞ் சோலி நேரத்துல செய்யாத."

நாத்தனார் வாசலிலிருந்தே கத்தினாள். "மணி அடிச்ச பெறகு கழுவி, கழுவின பெறகு குடுக்க ஒக்காந்தா, ஒங்க ரெண்டாம் மணி வந்துரும். அதுவரைக்கும் பிள்ள ஒங்க தண்டவாளத்தச் சப்பிக்கிட்டு இருக்கட்டுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி முகம் மாறியது. ரெண்டு கையையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினேன்.

"மொதலாளி, பால் குடுக்குறது என் வேல. ஒத்துக்கிறேன். அதுக்கு வேணும்னா வெட்டிக்கோங்க. ஆனா இந்தக் கையில ஒட்டியிருக்கது என் வீட்டுச் சாமானா? ஒங்க வத்தல். ஒங்க சரக்க எறக்கி வைக்காம நான் எப்படிப் போறது? எறக்குறதும் ஒங்க வேலதான்."

"எத்தனாப்பு படிச்ச?"

"அஞ்சாப்பு."

"அஞ்சாப்புக்கே இம்புட்டுச் சட்டமா!"

வண்டி நிழலில் குத்தவைத்திருந்த சம்சாரி, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அந்தப் பிள்ள சொல்றது ஞாயந்தான் மொதலாளி. மூட்டைக்கு மூட்ட தூசிக்கழிவுன்னு எங்கிட்டப் பிடிச்சீகளே, அந்தத் தூசி எங்க போச்சுன்னு நானும் தேடிக்கிட்டு இருந்தேன். அவுக கையிலதான இருக்கு."

"வே, உம்ம சோலியப் பாரும்" என்றார் முதலாளி.

நான் அதற்குள் வாளியிடம் போய்விட்டேன். வழக்கமாக ஓடுவேன், அன்றைக்கு ஓடவில்லை. எண்ணெய் தேய்த்தேன், விரல் விரலாக. தவிட்டை உருட்டினேன். நீராகாரத்தில் கையை விட்டுக்கொண்டு நின்றேன். முதுகில் எல்லாருடைய பார்வையும் படுவது தெரிந்தது. மார்பைத் துடைத்தேன். விரலை இமையில் வைத்தேன். எரியவில்லை. இன்னொரு விரலையும் வைத்துப் பார்த்தேன்.

பிள்ளையை வாங்கிக்கொண்டு எங்கே உட்காருவது? தரை முழுக்க வத்தல் தூள். சாக்கு, முறம், திண்டு, மூட்டை எல்லாம் தூள். வாசலுக்கு வெளியே தார் உருகும் வெயில். அந்தக் கிட்டங்கியிலேயே காரம் படாத இடம் ஒன்றுதான் இருந்தது. கணக்குப்பிள்ளை கணக்கெழுதுகிற பலகை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. எங்களில் யாரும் அதன் ஓரத்தைக்கூடத் தொட்டது கிடையாது.

"அய்யா, கொஞ்சம் எந்திரிங்க" என்றேன்.

அவர் என்ன நினைத்தாரோ, எழுந்துவிட்டார். நான் உட்கார்ந்தேன்.

முதலாளி போட்ட சத்தம் வைகைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். "அங்கன ஒக்காருற அளவுக்கு ஆயிப்போச்சா! எறங்குடி கீழ!"

"பிள்ள குடிச்சு முடிக்காம எந்திரிக்க மாட்டேன்" என்றேன். சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன், அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆனால் சொன்னேன். மாரியூர்க்காரி எழுந்து வந்து, முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். கணக்குப்பிள்ளை கையில் பேனாவோடு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

"அரைநாள் வெட்டு!" என்றார் முதலாளி. "எந்திரிச்சவளுக எல்லாத்துக்கும் வெட்டு!"

அவர் அதைச் சொல்லும்போது எழுந்திருந்தவர்கள் ரெண்டு பேர். சொல்லி முடித்தபோது ஒன்பது பேர். மற்ற ஏழு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள், வரிசையாக வாளிக்குப் போனார்கள். அவர்களில் கைப்பிள்ளைக்காரி யாரும் இல்லை. சும்மா கழுவினார்கள். சோறு தின்னும்போது வாய் எரியக்கூடாதே என்றுதான் கழுவுகிறோம் என்று பின்னால் சொன்னார்கள்.

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பிள்ளை மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். தலையைத் திருப்பினாள். நான் அவளை வற்புறுத்தவில்லை. அவசரம் என்று ஒன்று இருப்பதையே மறந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன், சத்தியமாக என் வாழ்க்கையில் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை மோந்தாள். நாக்கு நுனியால் தொட்டாள். பிறகு பிடித்தாள். பிடித்து இழுத்த இழுப்பில் கட்டியிருந்த பால் இறங்கின வலி, அப்படி ஒரு நல்ல வலியை நான் அனுபவித்ததே இல்லை. "குடிக்கிறாளா?" என்று முந்தானைக்கு அந்தப் பக்கமிருந்து மாரியூர்க்காரி கேட்டாள். "குடிக்கிறா, குடிக்கிறா. இங்க வரைக்கும் சத்தம் கேக்குது" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ரெண்டு பக்கமும் குடித்துத் தூங்கின பிறகுதான் எழுந்தேன். விரிப்பைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, என் குவியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். ரெண்டு கையாலும் கிள்ளினேன். எல்லாரும் கிள்ளினார்கள். சரக்கு முடிந்தது, கூட்ஸிலும் ஏறியது. பால் குடிக்கிற நேரத்தால் கொழும்பு ஒன்றும் முழுகிப்போகவில்லை.

சாயங்காலம் கூலி. நாள்கூலி எட்டணா. எங்கள் ஒன்பது பேர் கையிலும் நாலணாதான் விழுந்தது.

"பாக்கி?" என்றேன்.

"வெட்டு" என்றார் முதலாளி.

"வெட்டுன்னு நீங்க சொல்றீக. பாக்கின்னு நாங்க சொல்றோம்."

"வேலய விட்டு நிறுத்திருவேன்."

"நிறுத்துங்க. நாளைக்கும் மூணு வண்டி வருதுன்னு சம்சாரி சொல்லிட்டுப் போறாரு."

அவர் நிறுத்தவில்லை. மறுநாள் மத்தியானம், மணிக்கு முன்பே நான் எழுந்து வாளிக்குப் போனேன். மற்றவர்களும் எழுந்தார்கள். முதலாளி எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கணக்குப்பிள்ளையிடம் "அடியும்வே" என்றார். ஏதோ அவர் அடித்ததால் நாங்கள் எழுந்த மாதிரி ஒரு பாவனை. இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு அந்தக் கிட்டங்கியில் கழுவி முடித்த பிறகுதான் மணி. யாரும் கொடுத்த சலுகை இல்லை அது. நாங்கள் எடுத்துக்கொண்டது.

தைரியசாலி ஆகிவிட்டேனா என்றால், இல்லை. இன்றைக்கும் வெளியே போனால் கதவு நினைப்புத்தான். பட்டறைச் சத்தத்துக்கு இன்றைக்கும் பாதி எழுந்துவிடுகிறேன். பயம் போனால்தான் பேச முடியும் என்று காத்திருந்தால் நான் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

பிள்ளை தேறிக்கொண்டாள். முதலாளி போய்ச் சேர்ந்தார். அணா போய்ப் புதுப் பைசா வந்தது. இப்போது அவர் மகன் கிட்டங்கியைப் பார்க்கிறார், நல்ல மாதிரிதான் பேசுவார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் படியேறி அந்தப் பாக்கியைக் கேட்கிறேன். "அது எங்க அய்யா காலத்துக் கணக்கு, முடிஞ்சுபோச்சு" என்கிறார். யாருக்கு முடிந்தது? அன்றைக்கு நாங்கள் கையிலிருந்து கழுவி எறக்கி வைத்தது அவர்கள் சரக்கை. அது அவர்கள் வேலை, எங்கள் சொந்த வேலை இல்லை. ஆளுக்கு நாலணா, ஒன்பது பேருக்கும் சேர்த்து இரண்டேகால் ரூபாய், இன்னும் வரவேண்டியிருக்கிறது.