முப்பது முட்டையும் ஒரு சொம்பும்

இன்று நாமக்கல் பஸ்ஸில் பக்கத்து இருக்கை மாணவி லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினார். மொத்தத்தையும் அளக்க முடியாதபோது, கையிலுள்ள சிறு மாதிரியிலிருந்தே மறுபடி மறுபடி எடுத்து மொத்தத்தின் சராசரியைக் கணக்கிடும் முறை. ஒரு நொடியில் பத்தாயிரம் தடவை எடுத்துவிட்டு லேப்டாப் சும்மா இருந்தது.

எண்பதுகளில் என் எம்.ஃபில். ஆய்வேடும் இதேதான். ஒரு பண்ணையின் முட்டை சராசரியாக என்ன எடை என்று சொல்ல வேண்டும்.

பண்ணைக்கார அக்கா, "எல்லாத்தையும் தொட்டுத் தொட்டு வெச்சா ஒடையுமுங்க. ஒரு ட்ரே தாரேன்" என்றார். ஒரு ட்ரே முப்பது முட்டை.

"அதை வைத்துச் சொன்னால் பட்டம், இல்லாவிட்டால் அடுத்த வருடம்" என்றார் நெறியாளர்.

முப்பது எடைகளையும் சீட்டில் எழுதிச் சொம்பில் போட்டேன். ஒன்றை எடுத்துக் குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, மறுபடி எடுத்தேன். சுற்றுக்கு முப்பது சீட்டாக இருநூறு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சராசரி. பதினோரு நாள் ஆனது.

பண்ணை முட்டையின் சராசரி எடை இதற்கும் இதற்கும் நடுவில் இருக்கும் என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"எடுத்த முட்டையவே எடுத்தா அது புது முட்டை ஆயிருமாங்க சாமி?"

அப்போது பெரிய பேராசிரியர்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கேட்டதோடு விடவில்லை. அன்று லாரி ஏற வேண்டிய முட்டை முழுவதையும் ட்ரே ட்ரேயாகத் தராசில் ஏற்றினார். சராசரி நான் சொன்ன எல்லைக்குள் வந்து உட்கார்ந்தது.

பதினோரு நாளும் அந்தச் சொம்புக்குள் ஒரு பண்ணையே இருந்திருக்கிறது.

அக்காவுக்கு வியப்பே இல்லை. "எங்க கோழி என்னைக்கும் ஏமாத்தாதுங்க."

ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர் முதல் தட்டச்சர் வரை எல்லோரும் இருக்கிறார்கள். கோழிகளை விட்டுவிட்டேன். உங்கள் நன்றியுரையில் நீங்கள் யாரை விட்டீர்கள்?