முகத்தைப் பார்த்துச் சொல்லு

காரைக்காலில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த முதல் ஆறு வருடங்களில், காப்பியடித்த ஒரு பையனைக்கூடத் தப்பவிட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. என் முறை ரொம்பச் சுலபம். சந்தேகம் வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, "என் மொகத்தப் பாத்துச் சொல்லு" என்பேன். எவன் தரையைப் பார்க்கிறானோ அவன்தான் ஆள். பிரம்புக்கு வேலையே இல்லை. சண்டை, திருட்டு, ஜன்னல் கண்ணாடி உடைந்தது என்று மற்ற வாத்தியார்களும் தங்கள் வழக்குகளை என்னிடம் கொண்டுவருவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் நைஜீரியாவுக்கு வாத்தியார்களை எடுத்தார்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு குடும்பத்துக்குப் பிரான்சில் ஆள் இருக்கும். எனக்கு அப்படி யாரும் இல்லை. வெளிநாடு என்றால் இதுதான் நமக்கு என்று எழுதிப் போட்டேன், கிடைத்தும்விட்டது. பள்ளியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு டின் நிறையக் கருக்களாச்சேரிக் கருவாட்டை அடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்த இடம் அந்த நாட்டின் வடக்கே ஒரு சிறிய ஊர். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அங்கே யாருக்கும் கவலை இல்லை. டிசம்பர் வந்தால் பாலைவனத்திலிருந்து புழுதிக்காற்று கிளம்பும். சோற்றுத் தட்டு, கொசுவலை, கண் இமை என்று எல்லாவற்றிலும் மாவு போலப் படியும். உதடு வெடித்து ரத்தம் வரும். அதெல்லாம் பழகிப்போனது. பழகாதது வகுப்பறைதான். அது பெண்கள் பள்ளி. என் இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்களுடையது எனக்குப் புரியவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து மேசையைப் பார்த்தபடி பதில் சொல்வார்கள். அநேகமாக யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்த ஊரில் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன்.

முதல் தேர்வில் இரண்டு விடைத்தாள்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தன. தப்புகூட அதே வரியில் அதே தப்பு. எழுதிய இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, என் முறையை ஆரம்பித்தேன். ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்து, தான் காப்பியடிக்கவில்லை என்றாள். இன்னொருத்தி தரையில் குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, தான் காப்பியடிக்கவில்லை என்றாள். எனக்கு அது போதும். குந்தியவளுக்குப் பூஜ்யம் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியை கூப்பிட்டார். அந்த ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். எனக்கு டீ கொடுத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். அங்கே பெரியவர்கள் முன்னால் பிள்ளைகள் குந்தித்தான் பேசுவார்களாம். பெரியவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிற பிள்ளையை, வளர்ப்பு சரியில்லை என்பார்களாம். அந்தக் கணக்கையே கொஞ்சம் மாற்றி இரண்டு பேருக்கும் கொடுத்துப் பாருங்கள் என்றார். கொடுத்தேன். குந்தியவள் கடகடவென்று போட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தவளுக்கு முதல் வரிகூட வரவில்லை.

மார்க்கைத் திருத்தினேன். ஆனால் அந்தப் பெண்ணிடம், தப்பு என்மேல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாத்தியார் போய் மாணவியிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற வீம்பு. மறுநாள் காலை வராந்தாவில் எதிர்ப்பட்டபோது, அவள் எப்போதும்போலக் குந்தி, தரையைப் பார்த்து வணக்கம் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரையும் முகத்தைப் பார் என்று நான் சொன்னதில்லை.

என் மகளுக்கு இந்தப் பாடமெல்லாம் தேவைப்படவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு, ஆறே மாதத்தில் அவர்கள் பாஷையைப் பேசினாள். பெரியவர் யார் வந்தாலும் ஓடிப்போய்க் குந்தி, "சன்னு" என்று வணக்கம் சொல்லிக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். நான் பள்ளி விட்டு வந்ததும் என் முன்னாலும் குந்துவாள். பல்லி வால் அறுந்தது, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது என்று அன்றைய கதை முழுவதையும் என் செருப்பைப் பார்த்துத்தான் சொல்வாள்.

"பெத்தவங்க மொகத்தக்கூட நிமிந்து பாக்க மாட்டேங்குதுங்க இது," என்று மனைவி குறைப்படுவாள்.

"மரியாத தெரிஞ்ச புள்ள. விடு," என்பேன். உள்ளுக்குள் பெருமை தாங்காது.

ஐந்து வருடத்தில் ஒப்பந்தம் முடிந்தது. ஊர் திரும்பி, கோவில்பத்தில் அண்ணன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியேறினோம். எனக்குப் பழைய பள்ளி, பழைய சைக்கிள், அதே ரோடு. ஒரே வாரத்தில் வெளிநாடே போகாதவன் மாதிரி ஆகிவிட்டேன். மகளுக்கு அப்படி நடக்கவில்லை. தமிழ் பேசுவாள், எழுத வராது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கும்போது, வருகிறவர் போகிறவர் எல்லோர் முன்னாலும் குந்தி எழுந்தாள். "என்ன பாப்பா, ஆப்பிரிக்காவுல தோப்புக்கரணம்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று அண்ணி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு இங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அல்லது இவர்களுக்கு அவளைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அவளைப் பெண்பிள்ளைகள் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். இரண்டாவது மாதம் ஒருநாள் அங்கிருந்து ஆள் வந்தது, உடனே வரச் சொல்லி. போனேன். ஆசிரியர் அறையில் வகுப்பு டீச்சர் உட்கார்ந்திருந்தார். பூசையில் பார்த்துப் பழகியவர்தான். பக்கத்தில் என் மகள். வகுப்பில் ஒரு பிள்ளையின் பேனா காணாமல் போயிருந்தது. தங்கநிற மூடி போட்டது, பிரான்சிலிருந்து மாமா கொண்டுவந்தது.

"சார், நீங்களும் வாத்தியாரு, ஒங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார் டீச்சர். "எல்லாப் புள்ளைங்களையும் கேட்டேன். எல்லாம் நேரா மொகத்தப் பாத்து இல்லன்னுச்சுங்க. ஒங்க புள்ள மட்டும் கீழ குந்திக்கிட்டு, தலையத் தூக்கவே மாட்டேங்குது. பையில தேடிப் பாத்தாச்சு, இல்ல. எங்க வச்சிருக்குன்னு நீங்களே கேளுங்க."

பதில் என் வாயில் இருந்தது. அந்த ஊரில் இதுதான் மரியாதை, டீச்சர் என்று ஒரே வரி. தலைமையாசிரியை எனக்கு டீ கொடுத்துச் சொன்ன அதே வரி. ஆனால் அறையில் இன்னும் மூன்று டீச்சர்கள் இருந்தார்கள். நோட்டுத் திருத்துகிற மாதிரி, திறந்து வைத்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மகள் திருடிவிட்டாள் என்பது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். ஐந்து வருடம் கற்றதெல்லாம் எங்கே போனதோ, பழைய வாத்தியார் வந்து நின்றுகொண்டான்.

"என் மொகத்தப் பாத்துச் சொல்லு. எடுத்தியா?"

அவள் குந்தினாள். "இல்லப்பா," என்று என் செருப்பிடம் சொன்னாள்.

"எந்திரி. மொகத்தப் பாரு."

அவளுக்கு அது புரியவில்லை. அப்பா கோபமாக இருக்கிறார் என்று மட்டும் புரிந்தது. கோபமாக இருக்கும் பெரியவர் முன்னால் இன்னும் தாழ வேண்டும் என்றுதான் அவள் கற்றிருந்தாள். தலையை முழங்கால் வரைக்கும் தாழ்த்தினாள். நான் கையைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் அறைந்தேன்.

அன்று ராத்திரி மனைவி சோற்றை வைத்துவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அந்த டீச்சரே என் பள்ளிக்கு நடந்து வந்தார். பேனா அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே, துவைக்கப் போட்ட சட்டைப் பையில் இருந்ததாம். "நான் அவசரப்பட்டுட்டேன் சார், மன்னிச்சிடுங்க. பாப்பாகிட்டயும் காலையிலயே சொல்லிட்டேன்," என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு சைக்கிள் மிதிக்கும்போது, இந்தத் தடவை நானும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். என்னென்ன சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன்.

மகள் கூடத்தில் குப்புறப் படுத்துத் தமிழ் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். குந்துவாள் என்று காத்திருந்தேன். நின்றுகொண்டே இருந்தாள்.

"பேனா கெடச்சிருச்சாம்மா," என்றேன். சேர்த்து வைத்திருந்த மற்ற வார்த்தைகள் வரவில்லை.

அவள் தலையைத் தூக்கி என் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் லேசாகப் பழுப்பு ஓடும், என் அம்மாவுக்கு இருந்தது போல. அதை அவ்வளவு பக்கத்தில் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"நான் எடுக்கலன்னு நேத்தே ஒங்களுக்குத் தெரியும்லப்பா?" என்று கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன்.