ஜியாப் வீட்டு அல்லித் தொட்டி

தோன்புரியில் வாய்க்காலை ஒட்டிப் போகிற அந்தச் சந்தில் வாசலுக்கு வாசல் அல்லித் தொட்டி இருந்தது. சில வீட்டில் சிமெண்டுத் தொட்டி, சில வீட்டில் வாய் உடைந்த மண் மிடா. அத்தனையிலும் கை வைத்துச் சுத்தம் செய்கிறவள் லமாய் ஒருத்திதான். ஐம்பதைத் தாண்டியவள், ஒண்டிக்கட்டை.

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விடுவாள். மஞ்சளித்த இலை எது என்று மேலே பார்த்துவிட்டு, அதன் தண்டைத் தடவிக்கொண்டே சேறுவரை இறங்கி, கிழங்கை ஒட்டிக் கிள்ளி எடுப்பாள். பாதியில் அறுத்தால் மிச்சத் தண்டு உள்ளேயே அழுகித் தண்ணீர் நாறிவிடும். வாடிய பூவுக்கும் அதே வைத்தியம்தான். வேலை முடிந்தால் தொட்டியில் பாதி இலை, பாதி வெறும் தண்ணீர். அந்த வெறும் தண்ணீரில்தான் கப்பி மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கும், கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும்.

சுகாதாரத் தொண்டுக்கு வருகிற வினய், தொட்டியில் போட்டுக் கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து மணலை வீடு வீடாகக் கொடுத்துப் போவான். லமாய் அதைக் கையால் தொட மாட்டாள்.

"உயிரைக் கொல்ற மருந்து எனக்கு வேண்டாம் தம்பி. எந்த உயிரையும் கொல்ல மாட்டேன்னு சீலம் எடுத்தவ நான்."

"அப்ப மீனு மட்டும் கொல்லலாமா பெரியம்மா? கொலைக்குக் கூலிக்கு ஆள் வெச்சிருக்கீங்களோ?"

"அது பசிக்குத் தின்னுது. உன்னை மாதிரி வாயை வெச்சுப் பிழைக்கலையே!"

சிரித்துக்கொண்டே போவான் வினய்.

அவளாக வைத்துக்கொண்ட நியமம் இன்னொன்றும் இருந்தது. பிக்குகள் ஒரு புல்லைக்கூடக் கிள்ளுவதில்லை. பௌர்ணமி மாதிரிப் புண்ணிய நாளிலாவது நாமும் அப்படி இருப்போமே என்று, அன்றைக்கெல்லாம் எந்தப் பச்சையிலும் கை வைக்க மாட்டாள். இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவள் மனசுக்கு அது ஒரு நிம்மதி.

அந்த வருஷம் ஆடிப் பௌர்ணமியன்று காலையில், வெள்ளை உடுத்துப் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். சந்தின் நடுவில் ஜியாப் வழி மறித்தாள். வாசலிலேயே வாழைப்பழம் பொரித்து விற்கிறவள். புருஷன் லாரியோடு வடக்கே போனால் வர மாசமாகும். ஒரே மகள் பிம், ஒன்றாவது படிக்கிறாள்.

"பெரியம்மா, எங்க தொட்டியை ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க. இலை மேல இலை ஏறி மூடிக்கிச்சு. மீனெல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டுத் திணறுது. இவ ஒரே அழுகை."

"இன்னிக்கா? இன்னிக்குப் பச்சையைத் தொட மாட்டேன்டி. கோயில்ல மழைக்கால நோன்பு தொடங்கி வெச்சுட்டு ரெண்டு நாள்ல வந்து செய்யறேன்."

"நீங்க ஒரு கை விட்டா முடிஞ்சுது."

"உனக்குந்தான் ரெண்டு கை இருக்கு. நீயே விடேன்."

"ஐயய்யே! உள்ள அட்டை இருக்கும். பெரியம்மா கையின்னா அட்டைக்கும் பயம்."

இருவரும் சிரித்தார்கள். பக்கத்தில் பிம் மட்டும் சிரிக்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோயிலில் நோன்புச் சமையல், பாத்திரம், கூட்டிப் பெருக்குதல் என்று வேலை இழுத்தது. மழை வேறு. இரண்டு நாளில் வருகிறேன் என்றவள் வாரம் கழித்துத்தான் திரும்பினாள். வந்ததும் நேரே ஜியாப் வீட்டுத் தொட்டிக்குப் போனாள். இலைகளுக்கு அடியில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. தண்ணீர் கறுத்துப் போயிருந்தது. ஓர் இலையைத் தூக்கினாள். புழுக்கள் துள்ளித் துள்ளிக் கீழே இறங்கின.

உட்கார்ந்து தொட்டி முழுக்க இலை கழித்தாள். அந்தத் தண்ணீரை வெயிலில் தரையில் கொட்டியிருக்கலாம். புழுக்கள் செத்துப்போகுமே என்று கொட்ட மனம் வரவில்லை. வாளி வாளியாகச் சுமந்து வாய்க்காலில் விட்டாள். இறக்கை முளைத்துப் பறந்தவை அதற்கு முன்பே எத்தனையோ, யார் கண்டது?

சில நாளில் பிம்முக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வினய் வந்து சந்து முழுக்கத் தேடினான். ஜியாப் வீட்டு அலமாரிக் காலடியில் எறும்பு ஏறாமல் தண்ணீர் ஊற்றி வைத்த கிண்ணங்களிலும் புழு இருந்தது. பக்கத்து வீட்டுப் பழைய டயரிலும் இருந்தது.

"எந்தக் கொசுன்னு யாராலயும் சொல்ல முடியாது பெரியம்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

ஆனால் மளிகைக்கடை சொம்ஜாய் அவள் காதில் விழும்படியே சொன்னாள்: "சீலக்காரங்க கொசுவுக்கெல்லாம் நல்லாத்தான் புண்ணியம் பண்ணிட்டாங்க." லமாய் உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் காலை ஜியாப் போன் செய்தாள்.

"காய்ச்சல் விட்டிருச்சு பெரியம்மா! கஞ்சி வேணுமாம். உங்க கைக் கஞ்சிதான் வேணுமாம்."

லமாய் புத்தர் படத்தின் முன் தரையில் நெற்றியை வைத்து அழுதாள். இஞ்சியைப் பொடியாக அரிந்து போட்டுக் கஞ்சி காய்ச்சி, தூக்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். இந்தக் காய்ச்சலில் சூடு இறங்குகிற நேரம்தான் கண்டம் என்பது அவளுக்கும் தெரியாது, ஜியாப்புக்கும் தெரியாது. அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். வெளியே சுவரோரம் ஜியாப் உட்கார்ந்திருந்தாள்.

"கை ஜில்லுன்னு ஆயிருச்சு," என்றாள். பிறகு தூக்கைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "போங்க! உங்க பௌர்ணமியைக் கட்டிக்கிட்டு அழுங்க, போங்க!"

சாயங்காலத்துக்குள் பிம் போய்விட்டாள்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை போர்த்திய துணிக்கு வெளியே வலது கை மட்டும் நீட்டியிருந்தது. ஆட்கள் வரிசையாக வந்து, அந்த உள்ளங்கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையை மன்னித்துக்கொள் என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர் சொன்னாள், வினய் சொன்னான், சொம்ஜாயும் சொன்னாள். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் தண்ணீர். மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தவள் ஜியாப்.

லமாய் வரிசையில் நின்றாள். முன்னால் நாலு பேர்தான் இருந்தார்கள். எனக்கு மொண்டு கொடுப்பாளா? கொடுக்காவிட்டால் இத்தனை பேர் முன்னால் எங்கே போய் நிற்பேன்?

அவள் முறை வந்தது. ஜியாப்பின் கை பாத்திரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. பிறகு கிண்ணம் நிறைந்து வெளியே வந்தது.

"அவ உங்களை ஒரு வார்த்தை சொல்லல பெரியம்மா. சொன்னதெல்லாம் நான்தான்," என்றாள் ஜியாப், தலை நிமிராமலே. "ஊத்துங்க."

லமாய் ஊற்றினாள். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து கீழே வைத்த தாம்பாளத்தில் விழுந்தது. தினமும் மந்திரம் சொல்கிற வாய்தான். அன்றைக்கு "பிம்மு" என்பதற்கு மேல் எழவில்லை.

செத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க வழக்கம் இருக்கிறது. பெற்றவளிடம் கேட்க அப்படி ஒரு வழக்கமும் இல்லை. லமாய் வெறும் கிண்ணத்தோடு ஜியாப்பின் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த ஆளுக்கு மொள்ள ஜியாப் கை நீட்டினாள். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு லமாய் நகர்ந்தாள்.