கொட்டச்சேட்டில் பார்த்த துப்பாக்கிக் கட்டை

லீவில் வந்த நான் மலைமேல் கொட்டச்சேட்டு டீக்கடையில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். மூடுபனியில் எதிரே இருக்கும் காப்பி எஸ்டேட்கூடத் தெரியவில்லை. கைப்பேசியில் ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. நான் வேலை பார்க்கும் பின்லாந்தில் ஒருவர் அதை விற்கிறார். இன்றைக்குள் பதில் கேட்கிறார். ரஷ்யத் துப்பாக்கிக்குப் பின்லாந்து ராணுவம் புதுக் குழலும் மரக்கட்டையும் போட்டு, பிற்காலத்தில் கழித்துவிட்ட சரக்கு. இப்படி ஒன்றை என் சேகரிப்பில் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் கட்டையின் குறுக்கே ஒரு கோடு. பார்த்த நண்பர்கள் எல்லோரும் உடைந்து ஒட்டியது என்கிறார்கள்.

பக்கத்தில் டீ குடிப்பவரின் சட்டையில் மரச்சுருள் ஒட்டியிருக்கிறது. ஆசாரி, பெயர் அந்தோணி. அவரிடமும் படத்தை நீட்டுகிறேன். அவர் கோட்டை நகத்தால் தடவ, படம் நகர்ந்து என் மகளின் பிறந்தநாள் கேக் வருகிறது. திரும்பக் கொண்டுவருகிறேன்.

"இது ஒடைஞ்சதில்லீங்க. ஒடைஞ்சா இப்பிடிப் பல்லுப் பல்லா வருமுங்களா? வேணும்னே ரெண்டு மரத்தை ஜாயின்ட் போட்டிருக்காங்க."

"எதுக்குங்க?"

"ஒரே மரம்னா ஈரத்துல முறுக்கிக்குமுங்க. இங்கயே மழை புடிச்சா எங்க ஊட்டுக் கதவு சாத்த வராதுங்க. அங்க நொம்பப் பனியில்லீங்களா?"

நின்ற இடத்திலேயே, வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்புகிறேன். சிரிப்பு அடங்க மாட்டேன் என்கிறது. பஸ் வருகிறது. என் நம்பரை வாங்கிக்கொண்ட அந்தோணி படிவரை வருகிறார்.

"கைக்கு வந்ததும் போட்டோ அனுப்புங்க. துப்பாக்கி வேண்டாமுங்க, அந்த ஜாயின்ட் தெரிஞ்சாப் போதும்."