ஒரத்தநாடு சந்தையில் ஓட்டுக் கேட்டபோது

என் கணவர் ராணுவத்தில் இருந்தவர். ஓட்டப்பந்தயத்தில் பதக்கங்கள் வாங்கியவர். கண்ணிவெடியில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலுடன் ஊர் திரும்பினார். போன நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.

ஒரத்தநாடு சந்தையில் ஓட்டுக் கேட்டபோது ஒரு வியாபாரி, "ஓட்டக்காரர்ங்கிறீங்க. ஓடிக் காட்டுங்க, எங்க தெருவே உங்களுக்குப் போடும்" என்றார்.

"வேணாங்க, போயிடலாம்" என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டு ஓடினார். சிறிது தூரத்திலேயே செயற்கைக் கால் கழன்று, அழுகிய தக்காளியில் குப்புற விழுந்தார். சந்தையே சிரித்தது, செல்போனில் படம் பிடித்தார்கள்.

"நிக்கவே முடியல, தேர்தல்ல எதுக்குங்க நிக்கிறீங்க?" என்றார் அந்த வியாபாரி.

என் கணவர் தரையில் உட்கார்ந்தபடியே அவரைக் கும்பிட்டு, "மறக்காம ஓட்டுப் போடுங்க" என்றார்.

தேர்தலில் தோற்றதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான், யார் சிரித்துப் பேசினாலும் அன்று அங்கே இருந்தவரோ என்று தோன்றுகிறது.