பிசிறு வெட்டிக்கொண்டே படித்த பிரெஞ்சு

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நேற்று என்பதே கிடையாது. சாப்பிட்டேன், தூங்கினேன், அழுதேன் என்று சொல்ல வராது. சாப்பிடப் போகிறேன், தூங்கப் போகிறேன், அழப் போகிறேன் என்று மட்டும் சொல்ல வரும். சொல்லிக் கொடுத்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். "புருசன்கிட்டப் போறவளுக்கு இது போதும் லாத்தா. போனதைப் பேசி என்ன கிழிக்கப் போறே?" என்றாள்.

என் கணவர் காரைக்கால்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். ஐம்பதுகளின் கடைசியில் சைகோனுக்கு அனுப்பப் பனியன் வாங்கத் திருப்பூர்க் காதர்பேட்டைக்கு வந்தவர், என்னைப் பெற்ற அத்தாவின் கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, சரக்கோடு என்னையும் பார்த்துவிட்டுப் போனார். கல்யாணம் ஆயிற்று. பையன் பிறந்தான். அவனுக்குப் பல் முளைக்கும் முன்பே அவர் பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே ஏதோ கார் கம்பெனியில் வேலை. "கூடிய சீக்கிரம் உங்க ரெண்டு பேரையும் அழைச்சுக்கறேன்" என்று எழுதுவார். அந்தக் கூடிய சீக்கிரம் பையன் பள்ளிக்கூடம் போகும் வரை நீண்டது. இடையில் அத்தா மௌத்தாகி அடக்கம் ஆனார், கடையும் கை மாறிப் போயிற்று. நான் பல குடித்தனங்கள் உள்ள ஒரு வளவில் ஒற்றை அறை பிடித்து, பனியன் கம்பெனியிலிருந்து மூட்டை வாங்கி வந்து பிசிறு வெட்டிப் பிழைத்தேன். தையலில் தொங்கும் நூலையெல்லாம் கத்தரியால் நறுக்கிவிட்டு மடித்து அடுக்க வேண்டும். குனிந்தபடியே இருந்து கழுத்து இற்றுப் போகும்.

அடுத்த அறையில்தான் அவள் இருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். சைகோனில் பிறந்து கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்தவள். குடும்பம் காரைக்காலுக்குத் திரும்பிய பிறகு திருப்பூரில் ஒரு குடிகாரனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அக்காவை அவர்கள் ஊர்ப்பக்கம் லாத்தா என்பார்கள். என்னையும் அப்படியே கூப்பிட்டாள். வாயைத் திறந்தால் வசவுதான். அந்த வாயிலிருந்து பிரெஞ்சு வரும்போது மட்டும் சர்க்கரைப் பாகாக வரும்.

"உன் மச்சான் கூப்பிட்டா பாண்டிச்சேரி ஆபீசுல வெள்ளைக்காரன் முன்னாடி நிக்கணும். ஊமைக்கோட்டான் மாதிரி நிப்பியா?" என்று ஒரு நாள் கேட்டாள். அன்றே பாடம் தொடங்கிவிட்டது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பனியன் வெட்டிக்கொண்டே படித்தோம். பையன் மூட்டை மேல் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"நாம சொல்றாப்புலதான் லாத்தா. தூங்கப் போறேன், குளிக்கப் போறேன்னு சொல்றோம்ல? அதேதான். போறதை மட்டும் ஆளுக்கு ஆள் மாத்து. கூட வர்ற வேலையை அப்படியே விட்டுடு, அது எவனுக்கும் மாறாது" என்றாள். ஜு வே, து வா, இல் வா. நான், நீ, அவன். நூ ஸலோன், வூ ஸலே, இல் வோன். நாம், நீங்கள், அவர்கள். இந்த ஆறையும் ஆறு நாளாக மென்றேன். பிறகு பின்னால் எதை வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம் என்றாள். தோர்மிர் என்றால் தூங்க. ஜு வே தோர்மிர், தூங்கப் போகிறேன். பர்த்திர் என்றால் கிளம்ப. நூ ஸலோன் பர்த்திர், நாங்கள் கிளம்பப் போகிறோம். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் 'போற'தற்கு முன்னால் ஒரு 'ந', பின்னால் ஒரு 'பா'. ஜு ந வே பா தோர்மிர், தூங்கப் போவதில்லை. அட, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. பையனுக்கு என்னைவிட வேகமாக வந்தது. சோறு வேண்டாம் என்பதைக்கூட அதில் சொல்லி என்னிடம் அடி வாங்கினான்.

"இது எத்தனை நாளைக்குள்ள நடக்கறதுக்குச் சொல்றது?" என்று கேட்டேன்.

"நாள் கணக்கு இல்லை. மனசுல முடிவாயிடுச்சுன்னா இப்படிச் சொல்லலாம். என்னைக்கோ ஒரு நாள் ஆகும்ங்கறதுக்கு வேற மாதிரி இருக்கு. அது உனக்கு வேணாம்."

மனசில் முடிவானது என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு நடக்கப் போவதை நாமே முடிவு செய்துவிட்டதாகச் சொல்லலாமா? வரப்போகும் எதைச் சொன்னாலும் இன்ஷா அல்லாஹ், அல்லாஹ் நாடினால், என்று சேர்த்துச் சொல்லியே வளர்ந்தவள் நான். ஆகவே பிரெஞ்சின் வாலிலும் அதைக் கட்டிவிட்டேன். ஜு வே பர்த்திர், இன்ஷா அல்லாஹ். அவள் கத்தரியைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "வெள்ளைக்காரன் பயந்துடுவான்டி!" என்றாள். ஆனால் அப்புறம் அவளும் சேர்த்துத்தான் சொன்னாள். பையன் மறந்தால் அவளே அவன் காதைத் திருகுவாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி ஓடிற்று. பிறகு ஒரு நாள் என் கணவரின் அண்ணன் காரைக்காலிலிருந்து வந்தார். வெள்ளை வேட்டி, அத்தர் வாசனை. "எல்லாம் கூடி வந்துடுச்சும்மா. பையனையும் கூட்டிக்கிட்டுப் பாண்டிச்சேரிக்கு வா. ஒரு கையெழுத்துத்தான்" என்றார். நான் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். வளவே திரண்டு வந்து பார்த்தது. அவள் தன் கல்யாணச் சேலையை எனக்குக் கட்டிவிட்டாள். "நல்லாப் பேசு லாத்தா, மானத்தை வாங்கிடாதே" என்றாள்.

பாண்டிச்சேரியில் கடலோரம் அந்தப் பிரெஞ்சுத் தூதரக அலுவலகம். உயரமான கூரை, மின்விசிறி, மேசைக்குப் பின்னால் சிவந்த கழுத்துள்ள ஒரு வெள்ளைக்காரர். பையனிடம் ஏதோ கேட்டார். பையன் எழுந்து நின்று, படிக்கப் போகிறேன், பெரியவனாகப் போகிறேன் என்று பிரெஞ்சில் சொன்னான். அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. அடுத்து என்னைக் கேட்பார் என்று நாக்கைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் என்னைக் கேட்கவில்லை. என் கணவரின் அண்ணனிடம் பேசினார். எனக்குத் தெரியாத சொற்கள் சரசரவென்று போயின. அதற்கு நடுவில் எனக்குத் தெரிந்தது வந்தது. லான்ஃபான் வா பர்த்திர். குழந்தை கிளம்பப் போகிறான். பிறகு பேனாவால் என் பக்கம் காட்டினார். மதாம் ந வா பா பர்த்திர்.

அந்த அம்மா கிளம்பப் போவதில்லை.

இதைச் சொன்னால் யார் நம்புவார்களோ தெரியாது, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. புரிந்துவிட்டதே! 'ந' முன்னால், 'பா' பின்னால், அப்படியே அவள் சொல்லிக் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகுதான் அந்த அம்மா நான்தான் என்று உறைத்தது.

"என்ன சொல்றாருங்க?" என்று அண்ணனைக் கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

அவர் வேட்டியைச் சரி செய்துகொண்டார். "அவனுக்கு அங்க வேற குடும்பம் ஆயிடுச்சும்மா. வெள்ளைக்காரப் பொண்ணு. உனக்கு மாசாமாசம் அனுப்பச் சொல்றேன். பையனையாவது மனுசனாக்குவோம். நீ கையெழுத்துப் போடு."

அட பாவிகளா! ஒரு ஆபீசில், ஒரு மேசை முன்னால், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வரவைத்துச் சொல்கிற விஷயமா இது? எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைப் புரட்டியிருப்பேன். ஆனால் பையன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் புரிந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வெள்ளைக்காரரிடம் நேராகச் சொன்னேன்.

"இல் ந வா பா பர்த்திர்."

அவன் கிளம்பப் போவதில்லை. அவர் பேனா அப்படியே நின்றுவிட்டது. நான் மறுபடியும் சொன்னேன், சத்தமாக. பையனை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். அண்ணன் பின்னாலேயே ஏதேதோ கத்திக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் விழுப்புரம் தாண்டிய பிறகுதான் பையனின் கையை விட்டேன்.

வளவுக்குத் திரும்பி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கணவரை வம்சத்தோடு வைதுவிட்டு, "கடைசியில இன்ஷா அல்லாஹ் சொன்னியா?" என்று கேட்டாள்.

"சொல்லலை."

"ஏன்?"

"அல்லாஹ் வேற மாதிரி நாடினா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு புள்ள."

என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு நாங்கள் பிரெஞ்சு பேசவில்லை.

பையன் வளர்ந்தான். பள்ளியை விட்டான். தையல் மிஷின் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போனான். தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு வருவான், இருமுவான். அந்த ஆபீசில் நடந்ததை அவன் மறக்கவேயில்லை. சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்து வீசுவான். "நீ ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் இப்படிப் பஞ்சு தின்னுட்டுக் கெடப்பனா?" ஏழு வயதுப் பிள்ளையை, எவளோ ஒருத்தி வளர்க்கட்டும் என்று தூக்கிக் கொடுக்க என்னால் முடியாது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவன் இருமும்போது எனக்கு நெஞ்சு பற்றியெரியும். அது வேறு கணக்கு.

எழுபதுகளின் கடைசியில் அவனுக்கு வயது வந்ததும் என் கையெழுத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. பெரியப்பாவோடு அவனே பாண்டிச்சேரிக்குப் போய்வந்தான். என்னிடம் சொன்னது கிளம்புவதற்கு முந்தின நாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நானும் அவளும் போனோம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம், அவன் அப்பன் மேல் கோபம், என் மேலும் கோபம். வண்டி உறுமியதும் அவன் குனிந்து என் கையைப் பிடித்தான். பத்து வருஷத்துக்கும் மேல் அவன் வாயில் வராத பிரெஞ்சில் சொன்னான்.

"ஜு வே ருவ்னிர், அம்மா."

திரும்பி வரப் போகிறேன். மனசில் முடிவானதைச் சொல்லும் விதத்தில், தப்பில்லாமல் சொன்னான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டான்.

வண்டி நகர்ந்துவிட்டது. "இன்ஷா அல்லாஹ், இன்ஷா அல்லாஹ்" என்று நான்தான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு ஓடினேன். அவள் ஓடி வந்து என்னைப் பிடித்து நிறுத்தினாள். "அவன் காதுல விழுந்திருக்கும் லாத்தா" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பையன் இன்னும் வரவில்லை.