இரும்புக்குப் போட்ட எஞ்சின்

எங்கள் வண்டி எட்டு சிலிண்டர் அமெரிக்க வண்டி. பர்மாவில் நாங்கள் குடியிருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் போகிற சத்தத்தையும் மீறி உறுமும். என் வீட்டுக்காரர் இளவயதில் அதைத் துருவும் தூசியுமாக வாங்கி, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி மாட்டினவர். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதே அதற்கப்புறம்தான்.

எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. பெட்ரோலுக்கு வரிசை நிற்கிற காலம் வந்ததும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "காலையிலேர்ந்து நின்னு வாங்கினதை கியாக்டடா கடைத்தெருவுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள குடிச்சிடுது. சின்ன எஞ்சினா மாத்துங்க" என்று தினமும் பிடுங்கினேன். எஞ்சின் போனால் மதிப்பு போய்விடும் என்றார். "இந்த ஊர்ல எவன் எஞ்சினைப் பாக்குறான்? நம்பரும் புத்தகமும் இருந்தா போதும்" என்றேன்.

நான் சொன்னது ஊர் வழக்கம்தான். இறக்குமதி நின்றுபோன ஊரில் பதிவுப் புத்தகத்துக்குத்தான் விலை. உள்ளே என்ன கிடந்தாலும் கேட்கமாட்டார்கள். ஜப்பான் வேன் எஞ்சின் ஒன்று ஏறியது. பழையதை நானே பேரம் பேசி இரும்புக்கடைக்குத் தள்ளினேன். புது வண்டி மாதிரி பூ போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பிறகு பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு ஒரே பையன், வயசும் சரியாக அதில் வந்து விழுந்தது. அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட எங்களிடம் இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். அந்த மாதிரி வண்டிகளுக்கு விலை கண்மண் தெரியாமல் ஏறியிருக்கிறது என்றார்கள். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

வாங்க ஒரு பர்மியப் பணக்காரப் பிள்ளை வந்தது. புத்தகத்தைத் தொடக்கூட இல்லை, நேராக பானெட்டைத் திறந்தது. இப்போதெல்லாம் இதை ஓட்டுவதற்கு வாங்குவதில்லையாம், கண்ணாடி அறையில் நிறுத்திப் பார்ப்பதற்காம். கூடப் பிறந்த எஞ்சின்தான் வேண்டுமாம், இல்லாவிட்டால் வண்டியே வேண்டாமாம். "ஊலே, யார் இதை மாத்தினது?" என்று மாமா முறை வைத்து மரியாதையாகத்தான் கேட்டது.

நான் வாய் திறப்பதற்குள், "நான்தான். புத்தி கெட்டுப்போச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

அன்றைக்கே இரும்புக்கடைக்கு ஓடினோம். மாவ்பி உருக்காலைக்குப் போய்விட்டது என்றார்கள். மாவ்பிக்குப் போனால், எப்போதோ உடைத்து உருக்கியாச்சு என்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் திட்டுவார், திட்டித் தீர்க்கட்டும் என்று காத்திருந்தேன். அவரோ நடுவில் வண்டியை நிறுத்தி எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது.

போன மாதம் பையனைப் பட்டாளத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அந்த வண்டியில்தான் அவனை முகாமுக்குக் கொண்டுபோய் விட்டோம். சத்தமே இல்லாமல் ஓடியது.

"பாரும்மா, இப்ப பெட்ரோல் கம்மியாத்தான் குடிக்குது" என்றான் பின்சீட்டிலிருந்து.

என்னைத் தேற்றத்தான் சொன்னான், பாவிப் பிள்ளை.